மேனேஜர் தொட்டியில் விழுந்த கதையின் சொந்தக்காரர்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் பெண்ணின் மாமனாரும், சலவை நிலையத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவனுமாகிய நான் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் அனைவரும் நலம் என்று தொடங்க வேண்டும் என ஞாயிற்றுக்கிழமை முதியோர் எழுத்து வகுப்பு டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதன்படி அனைவரும் நலம். ஆனால் பன்னிரண்டு நாளாக இந்த வீட்டில் யாரும் என்னோடு பேசுவதில்லை. உங்கள் பெண் தட்டை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "சாப்பிடச் சொல்லுங்க" என்கிறாள். சுவரும் என்னிடம் சொல்வதில்லை.

இது என் முதல் கடிதம். வயது அறுபத்தெட்டு. ஒரு வரி எழுதினால் ஒரு டம்ளர் தண்ணீர் வேண்டியிருக்கிறது. முதல் கடிதமே மன்னிப்புக் கடிதமாகப் போனதில்தான் வருத்தம்.

நடந்ததை உங்களுக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆபீஸ் கதவுக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு ஒரு நோட்டு தொங்குகிறதே, அதைப் பதினொரு வருஷமாக மேனேஜருடைய சொந்தச் சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்கு அதன் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தேன். "தொழிலாளர்களே, உங்கள் மனதில் உள்ளதை எழுதுங்கள்" என்று இருந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு எழுத்து இல்லை. பாவம், இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டே தொங்கியிருக்கிறது. சரி, நாமாவது பதில் சொல்லுவோம் என்று பேனாவை எடுத்தேன். மனதில் என்ன இருக்கிறது என்று தேடினால் உங்கள் கதைதான் இருந்தது. மேனேஜர் கையெழுத்து இல்லாமல் எந்த இயந்திரத்தையும் நிறுத்தக் கூடாது என்ற உத்தரவும், போன மழைக்காலத்தில் இஸ்திரிக்காரம்மாவின் சட்டைக்கை உருளையில் மாட்டியபோது அந்தக் கையெழுத்து வர ஏழு நிமிஷம் ஆனதும், அதற்குள் அவர் கத்தரிக்கோலால் சட்டைக்கையை வெட்டிக்கொண்டு தப்பித்ததும் உங்களுக்குத் தெரியும். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் நீங்கள் சொன்னீர்களே, மேனேஜர் சலவைத் தொட்டியில் விழுந்து சுற்றிக்கொண்டே "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்கிறார், நாம் கையைக் கட்டிக்கொண்டு "கையெழுத்து வேணுமே சார்" என்கிறோம், அவர் சுற்றுகிற சுற்றிலேயே காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டு நீட்டுகிறார், கிளார்க் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சார், ஒத்துப் போகலையே, வெளிய வந்து மறுபடி போடுங்க" என்கிறார். நம் கூடத்தில் ஐந்து பாஷை. நீங்கள் சுற்றிச் சுற்றிக் காற்றில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து ஐந்து பாஷைக்காரர்களும் புரையேறச் சிரித்தார்கள்.

அதை அப்படியே எழுதினேன். இரண்டு இடைவேளை பிடித்தது. அடுத்தவர் சொன்னதை எழுதினால் சொன்னவர் பேரைப் போட வேண்டும், இல்லாவிட்டால் திருட்டு என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் திருடன் இல்லையே. "இதைச் சொன்னவர் என் சம்பந்தி, இஸ்திரிப் பிரிவு, இரண்டாவது மேசை" என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டேன்.

இயந்திரத்தை நிறுத்த ஏழு நிமிஷம் ஆன கையெழுத்து, உங்களை நிறுத்த உடனே வந்துவிட்டது. வாசல் கேட்டில் நீங்கள் என்னைத் திட்டவில்லை. "நாப்பது தடவை சொன்னேன் சம்பந்தி, ஒருத்தன் ஏன்னு கேக்கல. நீங்க ஒரே ஒரு தடவை எழுதினீங்க" என்று மட்டும் சொன்னீர்கள். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது இடைவேளையில் யாரும் சிரிப்பதில்லை. நான் போய் உட்கார்ந்தால், "எழுத்தாளர் வந்துட்டார்" என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். நேற்று பாய்லர்காரர், "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்றார். என்னைப் பார்த்ததும், "இதை நான் சொல்லல" என்றார்.

எழுதக் கற்காமலே இருந்திருக்கலாம் என்று படுகிறது. ஆனாலும் பொய் சொல்லக் கூடாது, எழுதியபோது கைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்துக்கு உங்கள் வேலையைக் கொடுத்துவிட்டேன். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்கு நான் செய்த மரியாதை இது. இனி அந்த நோட்டுப் பக்கம் போக மாட்டேன். இந்தக் கடிதம் முடிந்ததும் பேனாவை உங்கள் பெண்ணிடம் ஒப்படைத்துவிடுகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். நீங்கள் இருவரும் நோயில்லாமல், கூடவே என்மேல் கோபமும் இல்லாமல், நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நல்ல கதையைக் கெடுத்த சம்பந்தி

பின்குறிப்பு: இதை மடிப்பு மேசையில் வைத்துச் சரிபார்த்தேன். எனக்குச் சத்தமாகத்தான் படிக்க வரும். இஸ்திரிக்காரம்மா கேட்டுக்கொண்டே வந்து, "அது அவர் கதையா? எங்க நாட்டுல கர்னல் ஆத்துல விழுவார். நான்தான் உங்க சம்பந்திக்குச் சொன்னேன்" என்றார். பாய்லர்காரர், "சும்மா இருங்கம்மா, அது மந்திரி லிஃப்ட்ல மாட்டின கதை. எங்கப்பா சொன்னது" என்றார். இரண்டு பேரையும் மேனேஜரிடம் கூட்டிப் போய், கதை என் சம்பந்தியுடையது இல்லை என்றேன். "அப்ப யாருதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்று காகிதத்தைத் தள்ளினார். இஸ்திரிக்காரம்மா கர்னலை மறந்துவிட்டார். பாய்லர்காரர், "எங்கப்பா அதிகம் பேசவே மாட்டாருங்க" என்றார்.

நான் பேனாவை எடுத்தேன். "கதை என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதற்குள் மேனேஜர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். கிளார்க் பழைய பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "சார், ஒத்துப் போகலையே. இதுல இவருக்குக் கைநாட்டுதான் இருக்கு" என்றார். இஸ்திரிக்காரம்மா மெதுவாக, "வெளிய வந்து மறுபடி போடச் சொல்லுங்க" என்றார். மேனேஜர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. இருமலா என்னவோ தெரியாது. திரும்பாமலே, "அந்த ரெண்டாவது மேசை ஆளைத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லுங்க. இவர் விஷயத்தை அப்புறம் பாக்கலாம்" என்றார்.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பில் பாதியைத் திருப்பித் தரவும். கதை உங்களுடையது இல்லை என்பதை நீங்கள் இத்தனை நாளும் என்னிடம் சொல்லவில்லையே. திங்கட்கிழமை மடிப்பு மேசையில் என்னைக் காணாவிட்டால் தேட வேண்டாம். இடைவேளையில் கதையை மட்டும் விடாமல் சொல்லவும். என் பேரைச் சொல்லிச் சொல்லவும்.