ரத்தத்தில் மிதந்த பாலாடை

பே-சான்-போல்,
ஏப்ரல், தெருவெல்லாம் பனிச்சேறு

பேரன்புள்ள அக்கா ஜெர்மேனுக்கு,

தம்பி லூசியன் பணிவோடு எழுதுவது. நீயும் அத்தானும் சுகமாக இருக்கப் புனித அன்னம்மாளை வேண்டிக்கொள்கிறேன். நானும் இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பேனாவுக்குப் பொய் வரமாட்டேன் என்கிறது. அக்கா, என் ரத்தம் வெள்ளையாகிவிட்டது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "ஒருதரம் ரத்தம் பாத்துட்டு வாங்கப்பா" என்று நம் மிரேய்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே ரத்தம் எடுத்த நர்ஸ் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குழாயை மேஜையில் வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். கொஞ்ச நேரத்தில் குழாயின் மேலே ஆடை மிதந்தது. ஆயுசு முழுக்க சீஸ் செய்து பிழைத்தவனுக்கு ஆடையைத் தெரியாதா? "இதுல நல்ல வெண்ணெயே எடுக்கலாம் டாக்டர்" என்று பயத்தில் உளறிவிட்டேன். டாக்டர் வெரோ அம்மாள் சிரிக்கவில்லை.

"கொழுப்பு நெறைய சாப்பிடுறீங்களா?" என்றார். தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்து ஒரு துளி தொடவில்லை, பன்றித்தோல் வறுவல் இல்லை, வெண்ணெய் இல்லை, என் சீஸை நானே மோந்துதான் பார்க்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "அப்போ என்னதான் சாப்பிட்டீங்க?" மேப்பிள் மரச்சாற்றுப் பாகுதான், வேறென்ன! நம் ஊர் க்ளெமான் தன் காட்டுக் கொட்டகையில் மரச்சாறு காய்ச்சுகிற பருவமாச்சே. ரொட்டிக்குப் பாகு, அவரைக்குப் பாகு, காபிக்குப் பாகு, பனிமேல் ஊற்றிக் குச்சியில் சுருட்டிய பாகு. மரத்துக்கு ஏது கொழுப்பு, தவக்காலத்துக்குத் தோதான சாப்பாடு என்று நினைச்சேன்.

அந்தம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "மிஞ்சின சர்க்கரையை உங்க கல்லீரலே கொழுப்பாக்கி, குட்டிக் குட்டி உருண்டையா கட்டி ரத்தத்துல அனுப்பிடுது. ரத்தக்குழாய் சுவர்ல இருக்கற ஒரு என்சைம் அந்த உருண்டையைப் பிரிச்சு சரக்கை இறக்கணும். உங்களுக்கு அது பாதிதான் வேலை செய்யுது. இந்தப் பக்கத்துப் பழைய குடும்பங்கள்ல இது நெறைய இருக்கு." பார்த்தாயா, நான் தவம் இருக்கிறேன், கல்லீரல் வண்டி வண்டியாக அனுப்பிக்கிட்டே இருக்கு, இறக்க ஆள் இல்லாமல் சரக்கெல்லாம் ரத்தத்திலேயே நிக்குது. இன்னும் ஏறினால் கணையம் வீங்கி ஆளே போய்விடலாமாம்.

எனக்காகப் பயப்படவில்லை என்று எழுத ஆசை. பயமாகத்தான் இருக்கு. ஆனால் அதைவிடப் பெரிய பயம் நம் மிரேய். "பிள்ளைங்க உண்டா?" என்று டாக்டர் கேட்டார். ஒரு பொண்ணு, ஆறு மாத கர்ப்பம் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "கர்ப்பத்துல கல்லீரல் இன்னும் அதிகமா அனுப்பும். உங்க குறை அவளுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. உடனே ரத்தம் பாக்கணும், தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து."

வீட்டுக்கு வந்தேன், வாசலிலேயே மிரேய். "என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றாள். "சேறு வழுக்கிடுச்சும்மா" என்று சொல்லி அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். போனில் உன்னிடம் சொல்லலாம் என்றால் அவள் காது சுவருக்கு அந்தப் பக்கமே இருக்கு. அக்கா, நீயே அவளிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. நான் சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வரும், பயந்தாங்கொள்ளி என்று நீ திட்டினாலும் சரி.

அத்தானுக்கு என் அன்பு. கடவுள் உன் வீட்டையும் என் கல்லீரலையும் ஒருசேரக் காக்கட்டும்.

உன் தம்பி,
லூசியன் க்ரெனோன்

பி.கு.: உறையைத் தேடும்போது மிரேய் சாப்பாட்டோடு உள்ளே வந்துவிட்டாள். மேஜைமேல் கிடந்ததைப் பூராவும் படித்துவிட்டாள். "எனக்குத் தெரியும்பா. பேறுகால டாக்டர் முன்னாடியே ரத்தம் பாத்துட்டாங்க, எனக்கும் அந்த என்சைம் பாதிதான் வேலை செய்யுது. உங்களுக்கும் இருக்குமோன்னுதான் உங்களை அங்க அனுப்பினேன். சொன்னா பயந்தே செத்துடுவீங்கன்னு சொல்லல. பத்தியமா இருக்கேன், வாராவாரம் பாக்கறாங்க, கொஞ்சம் கொஞ்சமா எறங்குது. அழாதீங்க, மீன் ஆறுது" என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு, நீ சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த பஸ்ஸிலேயே வா அக்கா. அவள் என்னைத் தேற்றிக்கொண்டே இருக்கிறாள். அவளைத் தேற்ற இந்த வீட்டில் ஆளில்லை.