ஏழு பேனாக்கள் மண்புகுந்த படலம்

மூன்றாம் மாடியின் முடிசூடா அரசியும், சான்றிதழ்களின் தோலுரிப்பதில் இணையற்றவளும், "நூறு சதவீதம் இயற்கை" என்று எவர் வந்து சொன்னாலும் "மிச்சம் எவ்வளவு?" என்று கேட்கும் கூரறிவினளும், மண்ணுக்கும் மீனுக்கும் தீங்கு செய்யாத பாத்திரம் கழுவும் சோப்பைச் செய்து விற்கும் ஒரு நடுத்தரக் கம்பெனியின் விளம்பரப் பிரிவுத் துணை மேலாளருமாகிய நம் தலைவி வாழ்க! அவள் அடையாள அட்டை வாழ்க, அதன் கயிறு வாழ்க, அக்கயிற்றில் மறதியாகத் தொங்கும் வண்டிச் சாவியும் வாழ்க! பெற்றோர் இட்ட பெயர் அழகியதுதான் என்றாலும், அலுவலகத்தார் அவள் முதுகுக்குப் பின்னால் இட்ட பெயர் துருவி. எதையும் தோண்டித் துருவாமல் விடமாட்டாள் என்பதால் வந்த பட்டம் அது. அவளுக்கும் தெரியும், கண்டுகொள்வதில்லை.

காப்புச் சொல்லாமல் காவியம் தொடங்குவது முறையன்று. ஆகவே, இலவசம் என்னும் பெருந்தெய்வமே! வரிசையைக் கண்டாலே முகஞ்சுளிப்பாரையும் வரிசையில் நிற்கவைப்பவளே, வீட்டில் பதினேழு துணிப்பை உடையாரையும் பதினெட்டாவதற்குக் கைநீட்டச் செய்பவளே, எழுதாப் பேனாவாகவும், ஒழுகும் தண்ணீர்ப் பாட்டிலாகவும், எவர் தலைக்கும் பொருந்தாத் தொப்பியாகவும் கோடி வடிவெடுத்து மேசை இழுப்பறைதோறும் குடிகொண்டவளே, இக்கதை சொல்லப் புகுந்த எமக்குத் துணை நிற்பாயாக. கைம்மாறாக எதுவும் தருவதற்கில்லை. நீ இலவசம் அல்லவா.

தலைவியின் நெஞ்சில் ஒரு முள் தைத்திருந்தது. அது தைத்த நாள், சென்ற ஆண்டு வீட்டு உபயோகப் பொருள் கண்காட்சி நடந்த நாள். கம்பெனியின் அரங்கில் நின்று வருவோர்க்கெல்லாம் ஆளுக்கொரு மூங்கில் பேனா வழங்கிக்கொண்டிருந்தாள் அவள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது உலக வழக்கு. ஆனால் அன்று வந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். எதைக் கையில் கொடுத்தாலும் திருகிப் பார்ப்பது அவர் பிழைப்பு. அவர் நின்ற நிலையிலேயே பேனாவைக் கழற்றி, உறுப்புகளைச் சிறிது பெரிது என்று முறைப்படி மேசைவிரிப்பின்மேல் அடுக்கினார். வெங்காயத் தோல்போல மெல்லிய மூங்கில் ஓடு ஒன்று. அதனுள் ஒரு குழல், குழலுள் ஒரு குழல், ஒரு சுருள், ஒரு குமிழ்.

"உள்ள எல்லாம் பிளாஸ்டிக்தானேம்மா" என்றார் அவர். குறை சொல்லும் குரலன்று அது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லும் குரல். அவருக்குப் பின்னால் நின்ற பன்னிரண்டு பேரும் தத்தம் பேனாவைத் திருகத் தொடங்கினர். தலைவியை அவமானம் பிடுங்கித் தின்றது. பொய் சொன்னது பேனா விற்றவன்தான், ஆனால் கொடுத்த கை அவளுடையது.

அந்த முள்ளோடு மாதங்கள் பல கழிந்து, இவ்வாண்டுக் கண்காட்சிக்கு நூற்றுப்பத்து நாள் இருக்கையில், கண்ணாடிச் சுவர் சூழ்ந்ததும், ஏசி முனகுவதும், ஒரு நாற்காலி மட்டும் என்றும் இடப்பக்கம் சாய்வதுமாகிய ஆலோசனை மண்டபத்தில் அவை கூடிற்று. நடுநாயகமாக முதலாளியம்மா. அவர் வலப்பக்கம் கொள்முதல் மேலாளர். இவரையும் பாடாது மேற்செல்வது அறமன்று. மூன்று கொட்டேஷன் இல்லாமல் மொட்டைமாடிக்குத் துடைப்பமும் வாங்காத விரதத்தினர். பேரம் பேசும் வேளையில் அவர் பூக்கும் புன்னகை கண்டு, எதிராளி தானாகவே விலையைக் குறைத்துக்கொண்டு தலைகுனிவான். கெட்டவர் அல்லர், சிக்கனக்காரர், அவ்வளவுதான். அவர் எழுந்து, உறையினின்று வாளுருவும் தோரணையில், சட்டைப்பையினின்று ஒரு பேனாவை உருவினார். கண்ணைப் பறிக்கும் பச்சை. மூடியில் ஓர் இலை.

"பச்சையா இருக்கு, இலையும் போட்டிருக்கு. சுற்றுச்சூழலுக்கு வேற என்னம்மா வேணும்?" என்று எண்டிசையும் அதிர முழங்கினார்.

"இது பிளாஸ்டிக் சார்" என்றாள் தலைவி.

"போன வருஷம் நீங்க குடுத்ததும் அதானே?"

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது. அவையோர் குனிந்து தத்தம் தேநீர்க் குவளையின் அடி ஆராய்ந்தனர். சாயும் நாற்காலி என்றும் தலைவிக்கே வாய்ப்பதாகலின், அதினின்று அவள் எழுந்ததே ஒரு மலை எழுந்தாற்போல் இருந்தது. எழுந்தவள், எழுதாச் சாசனமாய் இதனை மொழிந்தாள்:

"இந்தத் தடவை நானே மண்ணுல புதைச்சுப் பாத்துட்டுத்தான் மேடம் குடுப்பேன். எதுவும் மக்கலைன்னா, சார் சொல்ற பேனாவையே ஸ்டால்ல நின்னு என் கையால குடுக்கறேன்."

சொன்ன பிறகே சொன்னது உறைத்தது. தோற்றால், ஆயிரம் பேர் முன்னிலையில் அந்தப் பச்சைப் பிளாஸ்டிக்கைச் சிரித்த முகத்தோடு நீட்டவேண்டும். அந்த ஆயிரத்தில் ஒருவராவது திருகிப் பார்ப்பார். ஆயினும் விடுத்த வார்த்தையை விழுங்கும் குலத்தவள் அல்லள் அவள். முதலாளியம்மா குறிப்பேட்டில் தேதி எழுதிக்கொண்டார்.

அழைப்பு எட்டுத் திக்கும் பறந்தது. ஆறு கம்பெனிகள் ஆறு கூரியரில் ஆறு வீரரை அனுப்பின. சோளமாவினின்று பிறந்தோன் ஒருவன், கோதுமை வைக்கோலில் உதித்தோன் ஒருவன், கரும்புச் சக்கையன், காப்பிக்கொட்டைத் தோலன், அரிசி உமியன், மூங்கில் தூளன் என அறுவரும் வந்தனர். அறுவரும் ஒரே சாயலினர், வெளிறிய வைக்கோல் நிறத்தினர், "தொண்ணூறு நாளில் மண்ணோடு மண்ணாவேன்" என்று சான்றிதழில் சபதம் எழுதிக் கையொப்பமிட்டோர். அவர்தம் கவசங்களையும் சொல்லவேண்டும். பெட்டிக்குள் பெட்டி, அதனுள் குமிழ்த்தாள், அதனுள் வழவழ உறை, உறைக்குள் பேனா, பேனாவோடு "பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்" என்றெழுதி லேமினேட் செய்த அட்டை. குமிழ்த்தாளைக் கணக்குப் பிரிவினர் கைப்பற்றி மதியம் முழுவதும் பட்பட்டென்று உடைத்து மகிழ்ந்தனர்.

தேநீர் இயந்திரத்துக்கு அப்பால், வெயில் பாதி நிழல் பாதியாக விளங்கும் பால்கனியில் ஏழு தொட்டிகள் இருந்தன, ஏழிலும் குரோட்டன்ஸ் செடிகள். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் அக்காவிடம் முறைப்படி இசைவு பெற்று, ஆறு தொட்டியில் அறுவரையும், எதிரிக்கும் நீதி வழங்கும் பெருந்தகையினளாய் ஏழாவதில் பச்சைப் பேனாவையும், மையும் மூடியுமாக அடக்கம் செய்தாள் தலைவி. எது எவருடையது என்று அறியவேண்டாமா? கிடங்கிலிருந்து கம்பெனியின் வெற்றுச் சோப்பு டப்பா ஒன்றை எடுத்து, அட்டையைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதினாள். எழுதியதை வெளியே குத்திவைத்தால் யாரேனும் மாற்றிவிடலாம். யாரேனும் என்று அவள் எண்ணியபோது கண்கள் கொள்முதல் அறைப்பக்கம் போயின. ஆகவே அட்டைகளையும் பேனாக்களோடு சேர்த்தே புதைத்து, மண்ணைத் தட்டிச் சமன்செய்து, கைகழுவினாள். இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. வாசகர்க்குத் தெரிந்திருக்கும், அவளுக்குத் தெரியவில்லை.

முற்றுகை தொடங்கிற்று. ஞாயிறு எழுந்து விழுந்தது, மாதாந்தர அறிக்கை வந்து போயிற்று, தேநீர் இயந்திரம் இருமுறை பழுதாகித் தேறிற்று. மண்ணோ வாய் திறக்கவில்லை. நாற்பத்தோராம் நாள், மதிய உணவு வேளையில், எவரும் காணார் என்றெண்ணித் தலைவி ஒரு தேக்கரண்டியோடு மூன்றாம் தொட்டியை அணுகிக் குனிந்தாள். அதே கணத்தில், அதே எண்ணத்தோடு, செடியின் மறுபுறத்தினின்று ஓர் இரும்பு ஸ்கேலோடு கொள்முதல் மேலாளரும் குனிந்தார். மதங்கொண்ட களிறிரண்டு மத்தகம் மோதினாற்போல் இருவர் நெற்றியும் மோத, குரோட்டன்ஸ் நடுங்கிற்று.

"ரெண்டு பேரும் கையை எடுங்க. வேர் அறுந்துடும்" என்றார், வாளியோடு வந்து நின்ற அக்கா.

"சும்மா செடி பாக்க வந்தேன்" என்றார் மேலாளர். "நானும்தான் சார்" என்றாள் தலைவி. நெற்றியைத் தடவிக்கொண்டே இருவரும் தேநீர் பிடித்துக் குடித்தனர்.

"உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை? இலவசமா குடுக்கறதை யார் பாக்கப்போறாங்க?"

"ஒருத்தர் பாத்துட்டார் சார். அது போதும்."

அந்தக் குரலைக் கேட்டு மேலாளர் பிஸ்கட்டைப் பாதியில் வைத்தார். பிறகு அதையும் எடுத்துத் தின்றுவிட்டுத் தம் அறைக்குப் போனார்.

தொண்ணூறாம் நாள் விடிந்தது. பால்கனியில் முதலாளியம்மாவும் மேலாளரும் கணக்குப் பிரிவினரும் சூழ்ந்து நிற்க, கையுறை பூண்டு, தோட்டக் கரண்டி ஏந்தி, தலைவி களம் புகுந்தாள். முதல் தொட்டியை அகழ்ந்தாள். சோளமாவின் புதல்வன் குளித்துத் தலைசீவிப் புறப்பட்ட மாப்பிள்ளைபோல் வெளிப்பட்டான். இரண்டாமவன் அவ்வாறே. மூன்றாமவன், நான்காமவன், ஐந்தாமவன், ஆறாமவன், எல்லாரும் கீறலின்றி, முறிவின்றி, உடல் நலிவின்றி எழுந்தனர். ஏழாவது தொட்டியை அகழ்ந்தபோதுதான் அந்தப் பெருவியப்பு நிகழ்ந்தது. பச்சைப் பேனாவின் பச்சை மண்ணில் கரைந்து, இலையும் உதிர்ந்து, உள்ளிருந்து அதே வெளிறிய வைக்கோல் நிறம் வெளிவந்திருந்தது. வாளியில் இட்டுக் கழுவி வரிசையாக வைத்தபோது, ஏழில் எது எது என்று பெற்ற கம்பெனிக்கும் தெரியாது. முதலாளியம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் தம் கையொப்பம் இட்டுப் பார்த்தார். ஏழும் நன்றாக எழுதின.

"எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்று வெற்றிமுரசு அறைந்தார் மேலாளர். "அப்ப விலை கம்மியா இருக்கிறதையே போட்டுடலாமே. மூணு நாள்ல வந்துடும்."

தலைவியோ, அழுதுவிடக் கூடாது என்று தொட்டிப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அறுவரில் பொய்யன் எவன், பெரும்பொய்யன் எவன் என்றாவது அறிவோம் என்று அட்டைகளைத் தேடி மண்ணைக் கையாலேயே கிளறினாள். முதல் தொட்டியில் அட்டை இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் ஒரு மண்புழு மட்டும் வேலையாகப் போய்க்கொண்டிருந்தது. ஏழு தொட்டியும் கிளறி முடித்து, கருத்த மண்ணை உள்ளங்கையில் ஏந்தியபடி நெடுநேரம் அதையே பார்த்தாள். பார்த்தவள் பிறகு மெல்ல நிமிர்ந்தாள்.

"மேடம், நான் வெச்ச அட்டை ஏழும் மக்கிடுச்சு."

"அட்டைதானேம்மா, மக்கத்தான் செய்யும்" என்றார் மேலாளர்.

"அது நம்ம சோப்பு டப்பா சார்."

கம்பெனி தொடங்கிப் பதினோர் ஆண்டில் பேனா கொடுத்திருக்கிறார்கள், பை கொடுத்திருக்கிறார்கள், தொப்பி, குடை, சுவர்க் கடிகாரம் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். தாங்கள் செய்வதைக் கொடுக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை.

"அப்ப அந்த டப்பாவையே குடுங்களேன்" என்றார் முதலாளியம்மா.

"வெறும் டப்பாவையா மேடம்?" என்று கேட்டார் மேலாளர்.

"உள்ள சோப்பு வெச்சுக் குடுங்க சார்" என்று முடித்தார் முதலாளியம்மா.

மூன்று கொட்டேஷனுக்கும் வழியற்றுப் போன மேலாளர், வில்லிழந்த வீரனானார். பின், எவரும் ஏவாமலே ஏழு பேனாவையும் எடுத்துத் தம் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "இதுக்கும் ஒரு வேலை இருக்கும்" என்று சொல்லிப் போனார். தலைவி அன்று பிற்பகலே கிடங்குக்கு இறங்கி, புது டப்பா ஒன்றைக் கிழித்து, ஒட்டிய பசைவரை பிரித்துத் துருவிப் பார்த்தாள். அட்டையும் பசையும் அன்றி வேறொன்றும் இல்லை.

பத்து நாளில் உள்ளங்கையகலச் சோப்புகள் ஆயிரம், உள்ளங்கையகல டப்பாக்கள் ஆயிரத்தில் அடங்கி அணிவகுத்தன. கண்காட்சி நாளும் வந்தது. கதவுகள் திறந்தன. கடலெனப் புகுந்தது கூட்டம். கழற்றுவோர் கழற்றுக, திருகுவோர் திருகுக, கிழிப்போர் கிழித்து உள்ளும் புறமும் ஒன்றே என்று காண்க என்று, ஓராண்டு தைத்த முள் உதிர்ந்த நெஞ்சினளாய், ஒளியும் பொய்யில்லாக் கையினளாய், ஆயிரம் கண்ணுக்கு எதிரே அஞ்சாது நின்று, வாகை சூடிய நம் தலைவி முதல் டப்பாவை இருகையாலும் ஏந்தி நீட்டினாள்.

வரிசையில் முதலில் நின்றவர் அதை வாங்கிக்கொண்டு, "இதைப் போட்டுக்க ஒரு பிளாஸ்டிக் கவர் இருக்குமா?" என்று கேட்டார்.