இரும்புப் பீரோவில் ஒரு பிளக்

மோட்டார் சைக்கிளைத் தாலாட்டுப் பாடித் தூங்கவைக்கும் மனிதர் இம்மண்ணுலகில் ஒருவரே. அவர் நாரணாபுரத்தில் என் எதிர்வீட்டுக்காரர். பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஆகவே தெரு அவருக்குச் சூட்டிய பெயர், தாலாட்டு போர்மேன்.

தீபாவளியோடு சீசன் ஓயும். மறுநாளே வண்டியும் ஓய்வு கொள்ளும். கார்த்திகை மழையும் மார்கழிப் பனியும் இரும்பைத் தின்னும் என்பது அவர் கொள்கை. பெட்ரோலை வடிப்பார். செங்கல் அடுக்கிச் சக்கரங்களைத் தரையிலிருந்து உயர்த்துவார். குளவி கூடு கட்டாதபடி புகைக்குழாயில் துணி அடைப்பார். பிறகு பழைய போர்வையும் ஒரு பாட்டும். தையில்தான் துயிலெழுப்புவார்.

இதுவரை அறிவுடைமை, கிறுக்கு இனிமேல்தான். வெடிமருந்தும் நெருப்பும் ஒரு கூரையின்கீழ் இருக்கலாகாது என்னும் தொழில்விதியை அவர் வண்டிக்கும் விதித்தார். பெட்ரோல் கேன் அவருடைய கொல்லைக் கொட்டகையில். பேட்டரி அடுத்த வீட்டு நர்ஸம்மாவிடம். தீப்பொறி தரும் பிளக், மெழுகுத்தாளில் பொதிந்து, ஆசிரியனாகிய என்னிடம்.

"என்ன போர்மேன், ஒரு வண்டிய மூணு வீட்டுல குடி வச்சிருக்கீக! வாடகை தருவீகளா?" என்பார் நர்ஸம்மா.

"சிரிக்காதீகம்மா. ஒண்ணாச் சேந்தா என்ன ஆகும்னு எனக்குல்ல தெரியும்."

அவர் மனைவி விடமாட்டார். "என்னைய ஒரு நாளாச்சும் இம்புட்டுப் பொத்தி வச்சிருக்காகளான்னு கேளுங்க சார்!"

ஒரு மார்கழிக் காலை. போர்மேனுக்கு அன்று விடுப்பு. புத்தாண்டு ஆர்டருக்காக அவர் மனைவி வேலைக்குப் போயிருந்த கம்பெனிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. தெருவில் வேறு வண்டி இல்லை. நர்ஸம்மா பேட்டரியைச் சுமந்து ஓடிவந்தார். பெட்ரோலும் வந்தது. பிளக் வரவில்லை. நானோ அதை இரும்புப் பீரோவில் பூட்டி, வீட்டையும் பூட்டி, சாவிக்கொத்தோடு விருதுநகரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். போர்மேன் என் கதவை முட்டிப் பார்த்துவிட்டு ஓடினாராம்.

அவர் போய்ச் சேர்ந்தபோது துணி போர்த்திவிட்டிருந்தார்கள். கால்மணி நேரம் அந்த அம்மாளுக்குப் பேச்சிருந்ததாம். "அவுக வந்துட்டாகளா?" என்பது ஒன்றே அந்தப் பேச்சு.

மாலையில் பீரோவைத் திறந்தேன். பிளக் துருவின்றிப் பளபளத்தது. பாதுகாவலன் என்றால் நானல்லவா பாதுகாவலன்!

அவர் என்னை வையவில்லை, வைதிருந்தால் பிழைத்திருப்பேன். அடுத்த தீபாவளிக்கு மறுநாள், மெழுகுத்தாள் பொட்டலத்தோடு என் வாசலில் நின்றார்.

"என்கிட்டயா?" என்றேன்.

"உங்ககிட்டதான் சார் பத்திரமா இருக்கும்."

அந்தப் பொட்டலம் இப்போது பீரோவுக்குப் போவதில்லை. தை பிறக்கும்வரை வாசற்கதவுக்கு வெளியே ஓர் ஆணியில் தொங்கும். போர்மேன் குட்டையான மனிதர். ஆணியைச் சற்றுத் தாழ்வாகவே அடித்திருக்கிறேன்.