தண்ணி கேட்டு வெச்சுக்கும்

மலாக்காவில் கடலுக்கு இவ்வளவு பயந்தவரும் கிடையாது, இவ்வளவு தடவை கடலுக்குப் போனவரும் கிடையாது. அவர்தான் எங்கள் வேன்கார அண்ணன்.

சனிக்கிழமை சாயங்காலமானால் புக்கிட் காத்தில் தாமான் என்ற எங்கள் குடியிருப்பிலிருந்து ஆறு பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு கடலோர உம்பாய்க்குக் கிளம்பிவிடுவார். சுட்ட மீன் தின்ன அங்கே ஊரே கூடும். புகையும் பாட்டும் கலர் விளக்குமாகத் திருவிழாதான். ஆனால் கடைகள் கண்ணில் படுவதற்கு முன்னாலேயே வேனை ஓரம் கட்டி, எங்கள் பெயர்களைப் பிடுங்கிக்கொண்டு மீன் பெயர் கொடுப்பார். என் வீட்டுக்காரரின் அக்கா, சியாக்காப். பக்கத்து வீட்டு டீச்சர், கெம்போங். வாய் திறக்காத நான், நெத்திலி.

"விளக்கு வைக்கிற நேரத்துல கடல்கிட்ட யார் பேரையும் கூப்பிடக் கூடாதும்மா. தண்ணி கேட்டு வெச்சுக்கும். அப்புறம் அது கூப்பிடும்."

"யாருண்ணே உங்களுக்குச் சொன்னது?" என்பார் அக்கா.

"சொன்ன ஆளு இப்ப இல்லையே."

அவர் மட்டும் இறங்க மாட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு வேனுக்குள்ளேயே தின்பார். திங்கட்கிழமை வரைக்கும் வேன் மணக்கும்.

கடைக்கார மலாய் அம்மா மீனை எடை போட்டுவிட்டுப் பெயர் கேட்பார். அக்கா, "சியாக்காப்" என்பார்.

"மீன் தெரியுது. உன் பேரைச் சொல்லு."

"அதான்லா பேரு."

அந்த அம்மா எங்கள் ஆறு பேரையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை கை கழுவுகிற இடத்தில் கூட்டம். இடித்துக்கொண்டு நிற்கக் கூச்சப்பட்டு, தண்ணிப் போத்தலோடு கடைக்குப் பின்னால் கடலோரமாகப் போனேன். கடல் வற்றிச் சேறு கிடந்தது. மீன் ஆறுதே என்ற அவசரத்தில் அக்கா கடையிலிருந்து என் முழுப் பெயரையும் கூப்பிட்டுவிட்டார்.

"வர்றேன்க்கா" என்று திரும்பினேன். மறுபடி கூப்பிட்டார். அதே குரல், அதே இழுப்பு. ஆனால் இந்தத் தடவை முதுகுக்குப் பின்னால், தண்ணிப் பக்கமிருந்து. அக்கா எப்போது அங்கே போனார் என்று நினைத்துக்கொண்டே அந்தப் பக்கம் நடந்தேன். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது எனக்கு முழங்கால் வரை சேறு.

"நெத்திலி. ஏ நெத்திலி."

வேன்கார அண்ணன். செருப்புக்கூடக் கழற்றாமல் சேற்றில் இறங்கி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் பாதி தின்ற நண்டுக் கால். அதைக் கீழே போடாமலே மறு கையால் என்னை இழுத்தார்.

"பதில் சொன்னியாம்மா?"

"சொல்லிட்டேண்ணே."

வேனில் ஏறிய பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார், "நான் ஒரு தடவைதானே கூப்பிட்டேன்."

நாற்பது நாள் அந்தப் பெயருக்குத் திரும்பக் கூடாது என்பது அண்ணன் உத்தரவு. வீட்டுக்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டே "நெத்திலி, கோப்பி" என்று கேட்டார். கிளினிக்கில் நர்ஸ் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருமல் மருந்தில்லாமலே போயிற்று. குசினியில் குழாயைத் திறந்தால் மட்டும், அக்கா குரலில் என் பெயர் கேட்கும். நான் திரும்பவில்லை. நாளாக நாளாகத் தேய்ந்து நின்றுபோயிற்று.

இந்த வருஷம் அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் போய்ச் சேர்ந்தார். அஸ்தியை உம்பாயிலேயே கரைத்தார்கள். பூசாரி, "இறந்தவர் பேரைச் சத்தமாச் சொல்லுங்க" என்றார். மகன் வாயைத் திறந்தார். அலை சட்டென்று அடங்கின மாதிரி இருந்தது எனக்கு.

நாலு பேர் முன்னால் பேசியே பழகாத நான் பேசிவிட்டேன். "வேணாங்க. காதுக்குள்ள சொல்லட்டும்."

மகன் பூசாரியின் காதில் சொன்னார். பூசாரி உதட்டுக்குள்ளேயே சொல்லிக் கரைத்தார்.

அவர் பெயர் எனக்கு இப்போது தெரியும். இங்கே எழுதவில்லை. இதை நீங்கள் எந்தக் கடலோரத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிக்கிறீர்களோ.