பொட்டு வைத்த பலகை

நேற்று நட்ட பலகையின் கம்பத்தில் இன்று காலை குங்குமப் பொட்டு இருந்தது. ரோட்டுக் கூலிகளை மேய்க்கும் மண்டோர் நாகையா அதை முறைத்துப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் ஈயம் ஏற்றிய மாட்டுவண்டிகள் கிள்ளானுக்குப் போன பாதை இதுதான் என்று காட்ட, சர்க்கார் ரோடு நெடுகப் பலகை நடச் சொல்லியிருந்தார் துரை. சனிக்கிழமை காரில் வந்து பார்ப்பார். பலகைகள் ஒழுங்காக நின்றால் நாகையா ஓவர்சியர். இல்லாவிட்டால் பழையபடி தார்ச்சட்டி தூக்க வேண்டியதுதான். பொட்டு இருந்ததோ பிரிக்பீல்ட்ஸைத் தாண்டியதும் ஆலமரத்தடியில் நிற்கும் முதல் பலகையில். நேற்று மத்தியானம் அதன் அடியில்தான் மனைவி வீரம்மா கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டிருந்தார்.

நாகையா விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தார். பொட்டோடு கம்பத்தின் வெள்ளைப் பெயிண்டும் உரிந்து வந்தது. கையில் மிச்சமிருந்தது சிவப்புப் பெயிண்டுதான். கம்பம் முழுக்க அதையே பூசிவிட்டுப் போனார்.

மறுநாள் சிவப்புக் கம்பத்துக்கு மஞ்சள் துணியும் எலுமிச்சம்பழ மாலையும் ஏறியிருந்தன. பக்கத்து ரப்பர் தோட்டத்து மாரியாயி கும்பிட்டுக்கொண்டிருந்தாள். இது சாமி இல்லை, சர்க்கார் பலகை என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"சாமி இல்லேன்னா வெள்ளையா இருந்தது எப்படிண்ணே ராத்திரியோட ராத்திரியா செவப்பாச்சி?"

நாகையாவிடம் பதில் இருந்தது. ஆனால் அது மண்ணெண்ணெயில் தொடங்கியதால் மாரியாயி நம்பவில்லை.

எல்லாம் ஆலமரத்தால் வந்த வினை என்று முடிவுகட்டி, பலகையைப் பிடுங்கிக் கால் மைல் தள்ளி வெட்டவெளியில் நட்டார். சாமி நடந்துபோய்விட்ட சேதி கிள்ளானை ஒட்டிய பண்டமாரான்வரை பரவியது. விடிந்ததும் படையல், மேளம், கூட்டம். வண்டிக்காரர்கள் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

சரி, இனித் தானே காவல் நிற்பது என்று வெள்ளிக்கிழமை கையில் கம்போடு போய் நின்றார். முறுக்கு மீசை, தலைப்பாகை, கோபத்தில் சிவந்த கண். அவர் அதட்ட அதட்ட, அருள் வந்துவிட்டது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"இங்க எவனும் நிக்கக் கூடாது. போங்கடா" என்று கம்பை ஓங்கினார்.

வண்டிக்காரர் ரெங்கசாமி நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "உத்தரவு சாமி. எந்தப் பக்கமா போறதுன்னும் சொல்லிருங்க."

அன்று வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷம் வெயிலில் காய்ந்ததெல்லாம் வீணாகிவிடுமோ என்று, பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்தார்.

"மொதப் பொட்டு வச்சவ யாருன்னு மட்டும் தெரியட்டும்" என்று பல்லைக் கடித்தார்.

"தெரியும்போது தெரியட்டும். ரசம் ஆறுது, சாப்பிடுங்க" என்றாள் வீரம்மா.

சனிக்கிழமை துரையின் கார், வரிசை கட்டி நின்ற மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. துரை இறங்கி நடந்தே வந்தார். மாலையைப் பார்த்தார், தேங்காய் மூடிகளைப் பார்த்தார், நாகையாவைப் பார்த்தார். நாகையா தார்ச்சட்டிக்குத் தயாராகிவிட்டார்.

துரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இத்தனை வருஷமாக எத்தனையோ பலகை நட்டும் ஒருத்தனும் ஏறெடுத்துப் பார்த்ததில்லையாம். பழைய பாதைக்கு இவ்வளவு மரியாதை செய்யவைத்த மண்டோரை விடலாமா? அடுத்த மாதமே ஓவர்சியர் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

வீட்டுக்கு ஓடிவந்து சொல்லும்போது நாகையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வீம்பு போகவில்லை. ஓவர்சியர் ஆனதும் முதல் வேலையாக அந்தப் பொட்டுக்காரியைக் கண்டுபிடிக்கப் போவதாகச் சொன்னார்.

வீரம்மா குங்குமச் சிமிழை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அது கெடக்கட்டுங்க. உங்களுக்கு ஓவர்சியர் வேல கெடச்சா, கிள்ளான் வரைக்கும் மிச்சப் பலகைக்கும் நானே பொட்டு வைக்கிறேன்னு அன்னிக்கே வேண்டிக்கிட்டேன். நாளைக்கு ஒரு வண்டி சொல்லிருங்க."