வீரய்யாவுக்குத் தெரியாத ரோடு

தெரியாது என்று ஒரு தரம் சொன்னால் பல்லெல்லாம் கொட்டிவிடும் என்று பயப்படுகிற ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த இனத்தின் மூத்த பிள்ளை பெயரை நாகலெட்சுமி முதன்முதலில் கேட்டது, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்கு மருமகளாக வந்த மறுநாள், பீலிக் குழாயடியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது. தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்டாள்.

"வீரய்யா மாமாவைக் கேளு புள்ள, அவருக்குத் தெரியாததே இல்ல" என்று குடமும் கையுமாய் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஏன் சிரித்தார்கள் என்பது அவளுக்குப் பிறகுதான் விளங்கியது.

மழை எப்போது விடும், டாக்டர் எழுதிய மாத்திரை எதற்கு, புதுத் துரைக்கு எந்த ஊர், போனில் ஏன் சிக்னல் இல்லை, அடுத்த லயத்து வீட்டுச் சினைப்பசு காளைக்கன்று போடுமா கிடேரி போடுமா, எதைக் கேட்டாலும் கேள்வி முடியுமுன் பதில் வரும். காளை என்றாரே, கிடேரி பிறந்தால்?

"நானும் அதத்தானே சொன்னேன்!"

வருஷக்கணக்காய் எல்லாரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்த நாகலெட்சுமிக்கு, மகன் கிஷாந்தின் பரிசத்தன்று சிரிப்பு நின்றது. பெண் பார்த்தது கோயிலில். வீட்டை யாரும் கண்டதில்லை. தலவாக்கலைக்கு அப்பால் ஏதோ ஒரு தோட்டம். ராகுகாலம் பிறக்குமுன் தட்டு மாறாவிட்டால் சம்பந்தமே வேண்டாம் என்று பெண்ணைப் பெற்ற இராமையா கறாராகச் சொல்லியிருந்தார். வேனில் முன் சீட்டு யாருக்கு? கேட்கவும் வேண்டுமா!

முச்சந்தியில் பனி மூடிக் கிடந்தது.

"யாரையாச்சும் கேப்போமே மாமா" என்றாள் நாகலெட்சுமி.

"எனக்குத் தெரியாத ரோடா? இடதுல விடுப்பா!"

கொஞ்ச தூரத்தில் பனிக்குள்ளிருந்து தப்பு மேளச் சத்தம் வந்தது. "கேட்டீங்களா, கல்யாண அடி! நம்மளத்தான் வரவேற்கிறாங்க!" வெற்றிலைத் தட்டை ஏந்திக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக முதல் ஆளாய் இறங்கி நடந்தார். பனி விலகியது.

பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

வேறு ஆளாயிருந்தால் வேனுக்கடியில் புகுந்திருப்பார். இவரோ தட்டைச் சால்வையால் மூடியபடி, "சாவு வீடுன்னு எனக்கு அப்பவே தெரியும். விசாரிக்காமப் போறது மொறையா?" என்றார்.

நாகலெட்சுமி வேனிலிருந்து இறங்கினாள். நேரே தப்படிக்கிறவரிடம் போனாள். "மன்னிச்சுக்கங்க அண்ணே. இராமையா வீட்டுக்குப் பரிசம் போட வந்தோம். எங்களுக்கு வழி தெரியலங்க."

பல் ஒன்றும் கொட்டவில்லை. அவர் தப்பை இறக்கி வைத்துவிட்டு வேனில் ஏறினார், வந்த வழியே திருப்பச் சொல்லிக் கூட்டிப்போனார், பெண் வீட்டுக்கு ஒரு வளைவு முன்னாலேயே இறங்கிக்கொண்டார். "நான் சாவு வீட்டு ஆளு, இதுக்கு மேல வரக்கூடாது. அந்தா, பச்சைத் தகரம் தெரியுது பாருங்க. வெரசாப் போங்க தங்கச்சி!"

வாசலில் இராமையா கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். வீரய்யா வாயைத் திறக்குமுன் நாகலெட்சுமி முந்திக்கொண்டாள். "வழி தெரியாமத் தடுமாறிட்டோம் சம்பந்தி."

"மொதல்லயே கேட்டிருந்தா சந்திக்கு ஆள் அனுப்பியிருப்பேனே!" சிரித்துவிட்டார் மனுஷன். ராகுகாலம் பிறக்கவில்லை. தட்டு மாறியது.

"சரியா இந்த நேரத்துக்குத்தான் வந்து சேருவோம்னு எனக்குத் தெரியும்" என்றார் வீரய்யா.

அந்தப் பக்கம் போனால் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லலாம். ஆனால் நீங்கள் எங்கே வழி கேட்கப் போகிறீர்கள்? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே!

வீரய்யா இப்போது தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் இருக்கிறார், வெளியூர்க்காரர்களுக்கு வழி சொல்லிக்கொண்டு.