தோற்பதற்காகப் பின்னிய ரேந்தை

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், தேத்தண்ணிக் கோப்பை கையிலிருக்க, நான் தோற்றுப்போவதென்று உறுதியாகத் தீர்மானித்தேன். வாழ்க்கையில் எத்தனையோ தரம் தோற்றிருக்கிறேன். ஆனால் திட்டம் போட்டுத் தோற்க இறங்கியது அதுதான் முதல் தடவை. அதிலாவது வெல்வேன் என்று நம்பினேன்.

என் பெயர் அல்பிரட். முந்தலில் ஒரு இறால் பண்ணையில் மேற்பார்வையாளர். ஐந்து குளங்கள் என் பொறுப்பில். இறாலுக்கு ஒரு நாளைக்கு நாலு தரம் சாப்பாடு. எனக்கு மூன்று தரம்தான். என் மனைவி மார்த்தா தபால் கந்தோரில் வேலை. சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பையோடும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்போடும் இங்கே வந்து சேர்ந்தோம். சண்டை முடிந்து நாலு வருடமாகியும் அப்படியே இருந்துவிட்டோம். ஒரே மகள் பிரசாந்தி சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். அதாவது, வீட்டில் ஒரு வேலையும் செய்யமாட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் மார்த்தா விஷயத்தைச் சொன்னாள். மாதர் சங்க மண்டபத்தில் றோசா டீச்சர் என்று ஒருவர் ரேந்தை, அதுதான் லேஸ், பின்னப் பழக்கப்போகிறாராம். சனிக்கிழமைதோறும் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை. ஆறு மாதம். அவள் போகப்போகிறாளாம்.

எனக்கு ரேந்தையின்மேல் எந்தக் கோபமும் இல்லை. சனிக்கிழமை இரண்டு மணியின்மேல்தான் அக்கறை. அந்த நேரத்தில் நான் மஹ்ரூபின் இரும்புக் கடையில் கரம் போர்ட் விளையாடுவேன். மஹ்ரூப் அடுத்த வீட்டுக்காரன், பதினைந்து வருடக் கூட்டாளி. மார்த்தா வகுப்புக்குப் போனால் தேங்காய் பறிக்க வருகிறவர்களை யார் பார்ப்பது, பின்னேரச் சாப்பாட்டுக்கு யார் மாக் குழைப்பது என்று யோசித்தேன். விடை எல்லாம் என் பெயரிலேயே வந்தது.

அதனால் அவளுடைய நன்மைக்காகவே பேசுவதுபோலப் பேசினேன். கந்தோர், சமையல், உடுப்புத் தோய்ப்பது, பிள்ளையின் படிப்பு, இவ்வளவுக்கும் நடுவில் இந்த நுணுக்கமான வேலை எப்படிச் சரிவரும், வேலை கூடிய மனிதருக்கு இது ஏலாத காரியம், உடம்பு கெட்டுப்போகும் என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அவள்மேல் இரக்கம் வந்துவிட்டது.

மார்த்தா கோபிக்கவில்லை. கோப்பையை எடுத்து வைத்துவிட்டு, யோசித்துச் சொன்னாள்.

"என்னைவிட உங்களுக்குத்தானே வேலை கூட எண்டு எப்பவும் சொல்லுறனீங்கள். அப்ப நீங்கள் ரெண்டு கிழமை பழகிப் பாருங்கோ. உங்களால ஏலாட்டி, எனக்கும் ஏலாது எண்டு விட்டுடுறன். உங்களால ஏலுமெண்டா நான் போறன்."

நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். உள்ளே சிரிப்பு முட்டியது. நான் செய்யவேண்டியதெல்லாம் தோற்பது மட்டும். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு ரேந்தைத் துண்டு பின்னத் தெரியாமல் இருக்கவேண்டும். அது எனக்கு ஏற்கனவே தெரியாது. இதைவிட இலேசான போட்டி உலகத்தில் உண்டா? ஒரேயொரு நிபந்தனை, தினமும் அரை மணித்தியாலம் மனதாரப் பழகவேண்டும் என்றாள். முடிவு தெரியும்வரை தான் வகுப்புக்குப் போய்வருவதாகவும் சொன்னாள். பெரிய மனதோடு அனுமதித்தேன்.

மஹ்ரூபிடம் சொன்னபோது அவன் முதலில் சந்தோஷப்பட்டான். பிறகு அடிக்கப்போன காயை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"மச்சான், இதுல என்னமோ இரிக்கு."

என்ன இருக்கிறது என்று அவனுக்கும் தெரியவில்லை. எனக்குக் கேட்க நேரமும் இல்லை. வீட்டில் மாக் குழைக்கக் கிடந்தது.

பழக்கம் தொடங்கியது. மார்த்தா இரண்டு நீட்டு ஊசிகளையும் வெள்ளை நூல் பந்தையும் தந்து, ஊசியில் இருபத்தொரு கண்ணி போட்டுக் காட்டினாள். நூலால் போடும் ஒவ்வொரு வளையத்துக்கும் கண்ணி என்று பெயர். கண்ணி என்றால் பொறி என்றும் ஒரு கருத்து உண்டு. அது அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை.

மற்றப் பின்னலில் ஓட்டை விழுந்தால் பிழை. ரேந்தையில் ஓட்டை விழாவிட்டால் பிழை. அதற்காகக் கண்ட இடத்தில் ஓட்டை விழுந்தாலும் பிழை. நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு ஓட்டை வரும், ஒரு கண்ணி கூடும். கூடினதைச் சரிக்கட்ட, இரண்டு கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னவேண்டும். இரண்டு சேர்ந்து ஒன்றானால் ஒன்று காணாமல் போகும். எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். காணாமல் போனது எது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மற்றதெல்லாம் விளங்கவில்லை. முதல் வரிசை முடிய எண்ணினேன், இருபத்துநாலு கண்ணி. திரும்ப எண்ணினேன், பத்தொன்பது. பிரசாந்தியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். இருபத்திரண்டு என்றாள். கணக்கில் நல்ல புள்ளி எடுக்கிற பிள்ளை. இருந்த ஊசியிலேயே கண்ணிகள் குஞ்சு பொரிக்கின்றன, ஒன்றையொன்று தின்கின்றன என்றுதான் நினைக்கவேண்டியிருந்தது. இறாலும் அப்படித்தான் செய்யும்.

எனக்குக் கவலையில்லை. மிக நல்ல முறையில் தோற்றுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் என் கையில் இருந்தது நண்டு அறுத்துவிட்ட வலை மாதிரி ஒன்று.

அன்றைக்குத்தான் மார்த்தா வேலியடியில் நின்று மஹ்ரூபின் மனைவி ஸுஹைராவோடு கதைத்துக்கொண்டிருந்தாள். ஸுஹைராவும் அதே வகுப்புக்குத்தான் போகிறாள். நான் குசினியில் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றேன். மார்த்தாவின் குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரத்துக் கேட்டது.

"அவரைக் குறை சொல்லக்கூடாது. இறாலுக்குத் தீன் எறியிற கை. இதெல்லாம் அந்தக் கையால வராது."

ஸுஹைரா, தன்னுடைய மனுசனும் அப்படித்தான், இரண்டு பேரும் ஒரே மாதிரி என்று சொல்லிச் சிரித்தாள்.

மஹ்ரூபோடு எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவன் சட்டைப் பொத்தானை ஒன்று மாறிப் போட்டுக்கொண்டு கடைக்கு வருகிறவன். பின்னேரம்வரை அது அவனுக்குத் தெரியாது. நானும் அவனும் ஒரே மாதிரியா? கோப்பையை வைத்துவிட்டு என் சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்தேன்.

அப்போதுதான் என் திட்டத்தில் ஒரு குறை தெரிந்தது. தெரியாமல் தோற்றால் அது தோல்வி. தெரிந்துகொண்டு தோற்றால் அது தந்திரம். ஆகவே முதலில் நன்றாகப் பின்னப் பழகவேண்டும். பழகிய பிறகு, மரியாதையாக, விரும்பித் தோற்கவேண்டும். இதில் எந்த முரண்பாடும் இருப்பதாக எனக்குப் படவில்லை. குழம்பின மனிதனுக்கு எல்லாம் தெளிவாகத்தான் தெரியும்.

அடுத்த நாளிலிருந்து ஊசியும் நூலும் என்னோடு பண்ணைக்கு வந்தன. தீன் மூட்டைகள் அடுக்கிய கொட்டிலுக்குள் இருந்து, இரண்டு தீனுக்கு நடுவில் பின்னினேன். மார்த்தா தந்த கட்டம் போட்ட கடதாசியை மூட்டையில் குத்தி வைத்தேன். வட்டம் என்றால் நூலைச் சுற்று, சாய்ந்த கோடு என்றால் இரண்டைச் சேர். கட்டத்தைப் பார்த்தால் ஊசியில் தவறும். ஊசியைப் பார்த்தால் கட்டத்தில் இடம் மாறும். இரண்டையும் பார்த்தால் குளத்துத் தண்ணீருக்குக் காற்றூட்டுகிற சக்கரம் நின்றுவிடும். ஓடிப்போய்ச் சக்கரத்தைச் சுழலவிட்டு வருவதற்குள் எந்த வரிசையில் விட்டேன் என்பது மறந்துவிடும். கட்டத்தை மனப்பாடம் செய்வதுதான் வழி என்று குளக்கட்டில் நடந்துகொண்டே சொல்லிப் பார்த்தேன்.

பண்ணையில் தீன் போடுகிறவன் கஜமுகன். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். அன்றைக்கு இரண்டு வாளித் தீனோடு எனக்குப் பின்னால் வந்தது எனக்குத் தெரியாது. ஒன்று மூன்றாம் குளத்துக்கு, மற்றது நாலாம் குளத்துக்கு. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இரண்டு வாளியும் மூன்றாம் குளத்தில் கொட்டியாகிவிட்டது. நாலாம் குளத்தில் ஒன்றும் இல்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவன் பணிவாகச் சொன்னான்.

"நீங்கள்தானே சேர், ரெண்டையும் சேர் எண்டனீங்கள், சேர். பிறகு ஒண்டை விடு எண்டும் சொன்னனீங்கள்."

அதில் எந்தச் சேர் நான், எந்தச் சேர் கண்ணி என்று பிரித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாலாம் குளத்துக்குத் தனியாகத் தீன் போடச் சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குள் போய்விட்டேன். கஜமுகன் அன்றையிலிருந்து நான் வாய் திறந்தால் இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினான்.

ஆறாம் நாள் அந்த அதிசயம் நடந்தது. பத்தாவது வரிசையைப் பின்னித் திருப்பிப் பிடித்தேன். கொட்டில் வாசல் வெளிச்சத்தில் ஒரு இலை தெரிந்தது. நடுவில் நரம்பு, இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ஓட்டை. நான் செய்த இலை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்காவது காட்டவேண்டும்போல இருந்தது. வெளியே கஜமுகன் மட்டும்தான் நின்றான். காட்டினேன். அவன் பயந்துபோய், நல்லாயிருக்கு சேர், இதை எந்தக் குளத்தில் போடவேண்டும் என்று கேட்டான்.

பிறகு நிறுத்த முடியவில்லை. இரண்டாவது இலை வந்தது. மூன்றாவது இலையில் ஒரு ஓட்டை இடம் மாறி விழுந்தது. யாருக்கும் தெரியாத பிழை. எனக்குத் தெரிந்தது. அவிழ்த்துப் பின்னினேன். திரும்பவும் பிழைத்தது. நாலு தரம் அவிழ்த்து ஐந்தாம் தரம் சரிவந்தது. அந்தச் சனிக்கிழமை மார்த்தா வகுப்புக்குப் போன பிறகு, மஹ்ரூப் இரண்டு தரம் ஆள் அனுப்பினான். எனக்கு வயிற்றுக்குத்து என்று சொல்லி அனுப்பிவிட்டு நாலாவது இலையைப் பின்னினேன். பொய் சொல்லிவிட்டுக் குடிக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இலை பின்னினேன்.

இரண்டு கிழமை முடிகிற நாள் வந்தது. திட்டப்படி நான் தோற்கவேண்டும். பெரிய வேலை ஒன்றுமில்லை. ஊசியை உருவிவிட்டு நூலின் நுனியை ஒரு இழு இழுத்தால் போதும், நாலு இலையும் வெறும் நூலாகிவிடும். மார்த்தா வகுப்பை விடுவாள். சனிக்கிழமை எனக்கு. நுனியைப் பிடித்தேன். மூன்றாவது இலையைப் பார்த்தேன். விரல் இழுக்க மறுத்துவிட்டது.

அந்த நேரம் மார்த்தா கந்தோரால் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் இருந்து துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு இலையை விரலால் தடவினாள். இடம்பெயர்ந்து வந்த பிறகு அவள் தனக்கென்று ஒரு பொருளும் கேட்டதில்லை என்பது அப்போது ஏனோ என் நினைவுக்கு வந்தது. இந்தச் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம்தான் முதல்முறை.

"நல்லா வந்திருக்கு," என்றாள். பிறகுதான் செருப்பைக் கழற்றினாள்.

நான் தோற்றுவிட்டேன். அதாவது, வென்றுவிட்டேன். எது என்று விளங்கவில்லை. தோற்கவேண்டிய இடத்தில் வென்றதால் தோற்றவன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்பிள்ளையாக ஒப்புக்கொண்டேன். நீ போ, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. துண்டை நானே வந்து றோசா டீச்சருக்குக் காட்டினால் நல்லது என்று மார்த்தா சொன்னாள். வெள்ளைச் சட்டை தோய்த்து மடித்து வைத்திருந்தாள். எனக்கும் உள்ளூர ஆசைதான். போனேன்.

மண்டபத்தில் பன்னிரண்டு கதிரைகள் வட்டமாகப் போட்டிருந்தன. பத்தில் பெண்கள் இருந்தார்கள். ஸுஹைரா என்னைக் கண்டதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மார்த்தா பதினோராவதில் இருந்தாள். மிச்சக் கதிரையை எனக்குக் காட்டினார்கள். விருந்தாளிக்கு மரியாதை என்று நினைத்து இருந்தேன். றோசா டீச்சர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மற்றவர்களோடு சேர்ந்து போகப் போதும் என்றார். பிறகு வரவு இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிட்டார். பதினொரு பெயர் முடிந்தது.

"பன்னிரண்டு. அல்பிரட்."

நான் என்னையறியாமல் "ஓம்" என்றுவிட்டேன்.

இடாப்பில் என் பெயரைப் பதிந்த திகதியைப் பார்த்தேன். நான் தோற்பதென்று தீர்மானித்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு கிழமை முந்தின திகதி. பன்னிரண்டு பேர் சேராவிட்டால் வகுப்பில்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம், மார்த்தா காதோடு சொன்னாள். முந்தல் முழுக்கத் தேடியும் பதினொரு பேர்தானாம். மூன்றாவது கிழமையும் ஆள் வராவிட்டால் மண்டபத்தைப் பூட்டிவிடுவார்களாம். ஆணோ பெண்ணோ என்று படிவத்தில் கேட்கவில்லையாம். இரண்டு கிழமையாக நான் பின்னியது போட்டியில்லை. வீட்டுப்பாடம்.

ஏன் என்னிடம் நேரே சொல்லவில்லை என்று மார்த்தாவை மெல்லக் கேட்டேன்.

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களோ?"

ஆறு மாதச் சனிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தேன். இருபத்துநாலு வந்தது. திரும்ப எண்ணினேன், இருபத்தாறு. அதற்குள் றோசா டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். இரண்டு சனி வரவில்லை என்று பதிந்திருக்கிறது, கடிதம் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார்.

நான் விழித்தேன். மார்த்தா கைப்பையைத் திறந்து மடித்த கடிதமொன்றை எடுத்து நீட்டினாள். தவிர்க்க முடியாத வீட்டு வேலை காரணமாக இவர் இரண்டு வகுப்புகளுக்குச் சமுகமளிக்கவில்லை, மன்னித்துக்கொள்ளவும் என்று தபால் கந்தோர் எழுத்தில் தெளிவாக எழுதியிருந்தது. கீழே, பாதுகாவலர் என்ற இடத்தில், மார்த்தா கையெழுத்து வைத்திருந்தாள்.